வன்மை எங்கே வேண்டும்?
மோட்டார் என்ஜின் பிளாக்கைப் பற்றி ஒரு கருத்து

மோட்டார் வண்டியின் விரைவைக் குறித்துப் பேசாத இளைஞர் நம்முள் அரியர். டர்போ என்பார் ஒருவர். காம்ஷாப்டு என்பார் மற்றொருவர். இத்துணைக் குதிரைத்திறன் பெருக்கலாம் என்று எண்ணிக்கை சொல்லி மகிழ்வார் பிறிதொருவர். அத்திறன் அனைத்தையும் தாங்கி நிற்பது யாது என்று வினவுவாரைக் காண்டல் அரிது. தாங்கி நிற்பது என்ஜினின் பிளாக்கு. அது தானாக ஓடுவதன்று, ஒலிப்பதன்று, கண்ணுக்கு இனியதுமன்று. சிலிண்டர்களையும் அவற்றைச் சூழ்ந்த நீர்வழிகளையும் கிராங்கு படுக்கும் மெயின் பேரிங் இருக்கைகளையும் தன்னகத்தே கொண்ட ஒரு வார்ப்படமே அது. ஏனைய உறுப்புக்கள் பழுதுற்றால் மாற்றிக்கொள்ளலாம். பிளாக்கு பிளந்தாலோ, அவ் என்ஜின் அன்றோடு ஒழிந்தது.

பந்தயத்தின் பொருட்டுத் திறன் பெருக்குவார் பிளாக்கை வலுப்படுத்தும் முறைகள் பல. அவற்றுட் சில நல்லன. பலவோ விசை செல்லும் வழியை ஆராயாது செய்யப்படுவன. ஒரோவழி, முன்னிருந்த வலியையும் கெடுப்பன. எங்கே மெலிவு உளதோ அங்கன்றி, எங்கே கை எட்டுகின்றதோ அங்கே இரும்பை ஏற்றுதல் வலுப்படுத்தலாகாது என்பதே யான் இக்கட்டுரையில் நிறுவ விழைவது.

தமிழ் பயில்வானுக்கு என்ஜினில் என்ன அலுவல் என்று நகைப்பார் உளர். நகைக்கட்டும். சிலிண்டர், பிஸ்டன் முதலிய சொற்களை யான் தமிழாக்காது விட்டமை கண்டு சினப்பாரும் எம் வகுப்பிலேயே உளர். பட்டறையில் வழங்கும் சொல் எதுவோ அதனையே ஈண்டு ஆண்டுள்ளேன். புதுச்சொல் படைத்துப் பொருளை மறைத்தலினும், வழங்கும் சொல்லால் பொருளை விளக்குதல் நன்றன்றோ?

முதற்கண் பிளாக்கு தாங்கும் சுமை எத்துணை என்பதைக் காண்போம். 86 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பிஸ்டனை எடுத்துக்கொள்க. அதன் முகப்பரப்பு ஏறத்தாழ 58 சதுர சென்டிமீட்டர். டர்போ பொருத்திய என்ஜினில் எரிபொருள் எரியுங்கால் சிலிண்டரினுள் அழுத்தம் 100 பார் அளவுக்கு உயர்தல் உண்டு. அங்ஙனமாயின் அச் சிறு முகத்தின்மேல் விழும் விசை ஏறத்தாழ 6 டன் எடைக்கு நிகராம். நன்கு வளர்ந்த யானையொன்றை உள்ளங்கை அகலமுள்ள தட்டின்மீது நிறுத்தினாற் போல்வது இது. நிறுத்தி வைத்தலுமன்று, நிமிடத்துக்கு 7,200 சுற்று ஓடும் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 60 முறை அந்த யானை ஏறி இறங்குகின்றது.

இவ்விசை எவ்வழிச் செல்கின்றது? ஈண்டே பலர் வழுவுகின்றனர். எரிந்த வளி பிஸ்டனைக் கீழே தள்ளுதல் போலவே, மேலுள்ள ஹெட்டையும் அதே விசையோடு மேலே தள்ளுகின்றது. ஹெட்டு போல்ட்டுகளால் பிளாக்கின் தலையில் பிணிப்புண்டிருத்தலின், பிளாக்கை மேல்நோக்கி இழுக்கின்றது. பிஸ்டனோ கனெக்டிங் ராடு வழியாகக் கிராங்கை அழுத்துகின்றது. கிராங்கு தன்னைப் பற்றியிருக்கும் மெயின் கேப்புகளைக் கீழ்நோக்கி இழுக்கின்றது. ஆகவே ஹெட்டு போல்ட்டுக்கும் மெயின் போல்ட்டுக்கும் இடைப்பட்ட பிளாக்கின் சுவர், இருபுறமும் மள்ளர் நின்று இழுக்கும் வடம் போன்ற நிலையை அடைகின்றது. நெரிபடுதலினும் இழுபடுதலே வார்ப்பிரும்புக்குக் கொடிது. நெரித்தலைப் பெரிதும் பொறுக்கும் அது, இழுத்தலை அத்துணைப் பொறாது.

இதனோடு மற்றுமொரு சுமை உண்டு. பிஸ்டன் மேல்முனையை அடைந்ததும் நின்று திரும்புதல் வேண்டும். 86 மில்லிமீட்டர் வீச்சுள்ள என்ஜின் 8,000 சுற்றில் ஓடுமாயின், அத் திருப்பத்தில் அரைக்கிலோ எடையுள்ள பிஸ்டன் 2 டன் எடையுள்ளது போலக் கிராங்கை இழுக்கும். சுற்று இருமடங்கானால் இவ்விழுப்பு நான்மடங்காம். டர்போவால் திறன் பெருக்குவார் முதற்சுமையையும், சுற்றினால் பெருக்குவார் இரண்டாஞ் சுமையையும் ஏற்றுகின்றனர். இருவர்க்கும் ஒரே மருந்து பொருந்தாது. இதனை உணராமல் ஒரே பட்டியலை எல்லா என்ஜினுக்கும் ஓதுவாரைக் காணும்போது, எந்நோய்க்கும் ஒரே சூரணம் தரும் சந்தை மருத்துவர் நினைவுக்கு வருகின்றனர்.

மூன்றாவது சுமை பக்கச்சுமை. கனெக்டிங் ராடு நேரே நில்லாமல் சாய்ந்து சாய்ந்து இயங்குவது. அச்சாய்வு மிகுதியாக ஏறத்தாழ 17 பாகைவரை செல்லும். அதனால் பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைப் பக்கவாட்டில் உந்துகின்றது. சிலிண்டரின் மேல்விளிம்பு ஏதேனும் ஒன்றால் தாங்கப்பெற்றிருந்தால் கேடில்லை. தாங்கப்பெறாவிடின், குளத்து நடுவே நட்ட கம்பம் போல அது அசையத் தொடங்கும்.

நிற்க. மேல்விளிம்பு தாங்கப்பெறாத பிளாக்கை ஏன் செய்கின்றனர்? பொருளாதாரமே காரணம். அலுமினியத்தை உருக்கி எஃகு அச்சினுள் மிக்க அழுத்தத்தோடு செலுத்தி வார்ப்பது விரைவான முறை. மணல் அச்சில் வார்ப்பதினும் பன்மடங்கு விரைவுடையது. ஆனால் எஃகு அச்சை வார்ப்பினின்றும் உருவி எடுத்தல் வேண்டுமன்றோ? நீர்வழியின் மேற்புறம் மூடியிருந்தால் உருவ இயலாது. ஆகவே மேற்புறத்தைத் திறந்தே விடுகின்றனர். இதற்குத் திறந்த டெக்கு என்று பெயர். மூடிய டெக்குக்கு மணற் கருவை உள்ளே வைத்து வார்த்து, பின்னர் அம் மணலை உதிர்த்தெடுத்தல் வேண்டும். அது நேரமும் பொருளும் கொள்வது. தொழிற்சாலையார் தாம் விற்கும் வண்டியின் திறனுக்கு இது போதுமென்று கணக்கிட்டே செய்கின்றனர்; அக் கணக்குப் பெரும்பாலும் பிழையாவதில்லை. கணக்கை மீறுவார் நாமே.

பிழைத்த கணக்கும் ஒன்று உண்டு. 1970-இல் அமெரிக்காவில் செவ்ரோலே நிறுவனத்தார் வேகா என்னும் சிறு வண்டியை வெளியிட்டனர். அதன் பிளாக்கு திறந்த டெக்குடைய அலுமினிய வார்ப்பு. இரும்பு லைனரும் அதற்கில்லை. சிலிக்கான் மிகக் கலந்த அலுமினியத்தின் மேற்பரப்பிலேயே பிஸ்டன் ஓடியது. ஹெட்டு மட்டும் வார்ப்பிரும்பு. நீர் குறைந்து என்ஜின் சூடேறியபொழுது பிளாக்கு திரிந்தது, கேஸ்கட்டு நெகிழ்ந்தது, நீரும் எண்ணெயும் வழி தவறின. அவ் வண்டிக்கு நேர்ந்த பெயரை யாவரும் அறிவர். ஆயினும் அதனைக் கொண்டு அலுமினியப் பிளாக்கே தீது என்று கூறுதல் நேர்மையன்று. பிற்காலத்தே அம் முறையைச் செம்மையாகக் கையாண்டு வென்றார் பலர்.

அவருள் ஹோண்டா நிறுவனத்தார் தலையாயவர். 1989-இல் அவர்கள் இன்டெக்ரா வண்டியில் வைத்து வெளியிட்ட பி16ஏ என்னும் என்ஜின், 1,595 கன சென்டிமீட்டர் கொள்ளளவில், டர்போ இன்றியே 160 குதிரைத்திறன் தந்தது. பிளாக்கு அலுமினியம், லைனர்கள் வார்ப்பிரும்பு, டெக்கு திறந்தது. தன் நிலையில் அது குறையற்றது. அதனுள் டர்போவைப் பொருத்தி அழுத்தத்தை ஏற்றும்பொழுதே, தாங்கலின்றி நிற்கும் மெல்லிய லைனர்கள் அசைகின்றன. அசைவினால் கேஸ்கட்டு தேய்கின்றது. ஈற்றில் லைனர் கீறிவிடுகின்றது.

இதற்கு மலிவான மருந்தாக விற்கப்படுவது பிளாக்கு கார்டு என்பது. திறந்த நீர்வழியின் வாயளவுக்கு அறுத்தெடுத்த அலுமினியத் தகடு அது. நீர் செல்லச் சிறு துளைகள் உண்டு. அதனைச் சுத்தியலால் மெல்லத் தட்டி வாயினுள் இறக்கிவிட்டால் சிலிண்டர்களுக்குத் தாங்கல் கிடைத்துவிடும் என்பர். கேட்பதற்கு இனிது. ஆராய்ந்து பார்த்தால் மூன்று குற்றங்கள் தோன்றுகின்றன. சிலிண்டரின் வெப்பம் மிகுதியும் உறைவது அதன் மேற்பகுதியில். அவ்விடத்தேதான் இத்தகடு நீரை மறிக்கின்றது. தட்டி இறக்குங்கால் மெல்லிய லைனர்கள் வட்டம் பிசகுகின்றன. ஆதலின் பின்னர் ஹோனிங் செய்தே தீரவேண்டும். செய்யாது விடுவார் பலர். மூன்றாவது, அதிர்வினால் அத்தகடு நாளடைவில் தளர்ந்து கீழிறங்குதலும் உண்டு. இக் குற்றங்களை அறிந்து, உரிய அளவோடு பொருத்தி, ஹோனிங்கும் செய்வாரை யான் குறைகூறேன். அத்துணை முயற்சி எடுப்பார் அம் மலிவுப் பொருளை நாடுவது ஏன் என்பதே விளங்கவில்லை.

செவ்விய மருந்து ஸ்லீவ் இறக்குதல். பழைய லைனர்களை முழுதும் கடைந்தெடுத்துவிட்டு, நீட்சித்தன்மையுள்ள இரும்பால் வார்த்த தடித்த ஸ்லீவ்களை அங்கே அமைப்பது இம்முறை. அவற்றின் மேல்விளிம்பு அகன்றிருக்கும். ஒன்றையொன்று தொட்டு நின்று தாமே ஒரு புதிய மூடிய டெக்காக ஆகும். நீர் செல்லும் துளைகளும் அவ்விளிம்பிலேயே அளவாக அமைக்கப்பட்டிருக்கும். விசை செல்லும் வழியிலேயே வலி சேர்க்கப்படுதலின் இது மெய்யான வலுப்படுத்தல். ஆனால் இதன் வெற்றி முழுவதும் கடைசல்காரர் கையில் உள்ளது. அலுமினியம் வெப்பத்தால் விரியும் அளவு இரும்பு விரியும் அளவினும் ஏறத்தாழ இருமடங்கு. குளிர்ந்த நிலையில் இறுகியிருக்கும் ஸ்லீவ், என்ஜின் சூடேறியதும் இருக்கையில் நெகிழக் கூடும். அதனால் பிளாக்கைச் சூடாக்கி, ஸ்லீவை இறக்கி, அது தன் படியில் முற்றும் அமர்ந்ததை அறிந்து, பின்னரே மேற்பரப்பைச் சமமாகச் சீவுதல் வேண்டும். நான்கு ஸ்லீவ்களுள் ஒன்று மயிரிழையினும் குறைந்த அளவு தாழ்ந்தாலும் கேஸ்கட்டு அவ்விடத்தே பற்றாது. இவ்வேலையை அறியாத பட்டறையில் ஸ்லீவ் இறக்கிய பிளாக்கினும், தொழிற்சாலை தந்த பிளாக்கே வலிது என்று யான் துணிந்து கூறுவேன், என்னை? முன்னிருந்த வார்ப்பைக் கடைந்தெடுத்துவிட்ட பின் மீள்வதற்கு வழியில்லை.

இனி, இடமறியாது வலுப்படுத்தலுக்குச் சிறந்த சான்றொன்று காட்டுவேன். ஃபோர்டு நிறுவனத்தாரின் 302 என்னும் எட்டுச் சிலிண்டர் என்ஜின் அமெரிக்க இளைஞர்க்குப் பெரிதும் உகந்தது. மலிவானது, எடை குறைந்தது, உதிரிப்பொருள் எங்கும் கிடைப்பது. அதன் பிளாக்கு மெல்லிய சுவருடைய இரும்பு வார்ப்பு. திறன் 500 குதிரை அளவை அணுகும்போது அது பிளந்துவிடும் என்பது அத்துறையினர் யாவரும் அறிந்தது. அவ் இளைஞர் கண்ட மருந்து யாது? மெயின் கேப்புகள் அனைத்தையும் ஒரே எஃகுச் சட்டத்தால் பிணைத்தனர். கிர்டில் என்பது அதன் பெயர். மேகலை என்று நாம் சொல்லலாம். மேகலை அணிந்த பின்னும் பிளாக்கு பிளந்தது. காரணம் வெளிப்படை. பிளவு தொடங்குவது கேப்பிலன்று; கேப்புக்கு மேலே, மெயின் இருக்கையினின்றும் காம்ஷாப்டின் துளை நோக்கி ஏறும் மெல்லிய சுவரில். அவ் வழியே மேலேறி, நடுப்பள்ளத்தை அடைந்து, பிளாக்கை நெடுக இருகூறாக்கிவிடும். கேப்புகளோ எஃகுச் சட்டத்தோடு சிறிதும் அசையாமல், பிளந்த பிளாக்கின் அடியில் அழகாக அமர்ந்திருக்கும்! கூரை இடிகின்ற வீட்டிற்கு வாயிற்கதவை இரட்டைத் தாழிட்டமை போல்வது இது. கேப்பு நடுங்குதலைத் தடுக்கும் அளவில் அச்சட்டம் பயன்படும் என்பதை மறுக்கேன். இழுபடும் சுவரைத் தடிப்பாக்க அதனால் இயலாது. தடித்த சுவரோடு பந்தயத்துக்கென்றே தனியாக வார்த்த பிளாக்கை வாங்குதலே அங்கு வழி. அதன் விலையைக் கேட்டு அஞ்சுவார், இரண்டு பழைய பிளாக்கையும் அவற்றோடழிந்த கிராங்கையும் பிஸ்டனையும் கூட்டிப் பார்ப்பாராக.

இரண்டு போல்ட்டுள்ள மெயின் கேப்பை நான்கு போல்ட்டுள்ளதாக மாற்றுவதும் இவ்வகைப்பட்டதே. மெல்லிய சுவரில் மேலும் இரண்டு துளையிட்டால், சேர்ந்த வலியினும் குடைந்தெடுத்த வலி மிகுதியாதல் கூடும். புதிய போல்ட்டுகளை நேரே இறக்காமல் சாய்த்து, தடித்த ஓரச்சுவரில் பற்றுமாறு அமைப்பார் அறிவுடையார்.

மற்றொருபுறம், யாதொன்றும் சேர்க்காமலே புகழ்பெற்ற பிளாக்குகளை நோக்குவோம். நிஸ்ஸான் நிறுவனத்தார் 1989-இல் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வண்டிக்கு வைத்த ஆர்பி26 என்னும் ஆறு சிலிண்டர் என்ஜின் சாலைக்கு 280 குதிரைத்திறன் என்றே அறிவிக்கப்பட்டது. ஆனால் குரூப் ஏ என்னும் பந்தயப் பிரிவில் வெல்லுதற்பொருட்டே அது வரையப்பட்டது, 2.6 லிட்டர் என்னும் கொள்ளளவும் அப் பிரிவின் விதியை நோக்கியே வகுக்கப்பட்டது. ஜப்பானியத் தொடரில் 1990 முதல் 1993 வரை நிகழ்ந்த 29 பந்தயங்களிலும் அவ் வண்டியே வென்றது. டொயோட்டாவின் 2ஜேஇசட் என்ஜினும் இத்தகையதே: வார்ப்பிரும்புப் பிளாக்கு, மூடிய டெக்கு, ஆறு சிலிண்டர்க்கு ஏழு மெயின் பேரிங், 86 மில்லிமீட்டர் குறுக்களவு, அதே அளவு வீச்சு. தொழிற்சாலை அறிவித்த திறனின் இருமடங்குக்கு மேலும் அப் பிளாக்கு மாற்றமின்றித் தாங்குதலை உலகெங்கும் கண்டிருக்கின்றனர். இவை எடை மிக்கன. அவ் எடை வீணன்று. விசை செல்லும் வழியெங்கும் வார்க்கும்பொழுதே இட்ட பொருள் அது. மெலிந்த பிளாக்கை வாங்கி ஆயிரம் ஒட்டு ஒட்டுவதினும், ஏற்ற பிளாக்கைத் தேர்ந்து ஒன்றும் செய்யாதிருத்தல் மேல் என்னும் என் கருத்துக்கு இவையே அரண்.

வியத்தகு சான்று ஜெர்மனி நாட்டது. பிஎம்டபிள்யு நிறுவனத்தார் 1960-களின் தொடக்கத்தில் தம் சாதாரண வண்டிகளுக்கு வார்த்த நான்கு சிலிண்டர் இரும்புப் பிளாக்கே, இருபதாண்டு கழித்து, 1,500 கன சென்டிமீட்டர் கொள்ளளவில் ஃபார்முலா ஒன் பந்தய என்ஜினுக்கு அடிப்படையாயிற்று. அதனை உருவாக்கியவர் பவுல் ரோஷே. பிரபாம் வண்டியில் அவ் என்ஜினோடு நெல்சன் பிக்கே 1983-இல் உலக வாகையர் பட்டம் பெற்றார். டர்போ என்ஜினால் அப் பட்டம் பெற்றவருள் அவரே முதல்வர். பின்னர்த் தகுதிச் சுற்றுக்களில் அதன் திறன் ஆயிரங் குதிரையைக் கடந்தது. சாலையில் நெடுந்தொலைவு ஓடிப் பழகிய பிளாக்குகளை அவர்கள் விரும்பித் தேர்ந்தனர் என்று கூறுவர். காரணம் ஆராயத்தக்கது. வார்ப்பு குளிருங்கால் மெல்லிய பகுதி முன்னரும் தடித்த பகுதி பின்னரும் இறுகுதலின், ஒன்றையொன்று இழுக்கும் உள்ளிறுக்கம் இரும்பினுள் தங்கிவிடுகின்றது. பல்லாயிரம் முறை சூடேறிக் குளிர்ந்த பிளாக்கில் அவ் இறுக்கம் தளர்ந்திருக்கும். அதன் பின் கடைந்த அளவு மாறாது நிற்கும். இந்நாளில் உலையிலிட்டு மெல்லக் குளிரவைத்தும் இதனைச் செய்வர். வெளியிலிருந்து ஏற்றுவதற்கு முன் உள்ளிருக்கும் பகையை நீக்கினர் அவர்கள்.

சிமெண்டு நிரப்புதலைப் பற்றியும் கூறாது விடலாகாது. இரும்புத்துகள் கலந்த ஒருவகைச் சாந்தை நீர்வழியினுள் ஊற்றி இறுகவிடுவர். சிலிண்டர்ச் சுவர்கள் அசையாமல் நிற்கும், ஐயமில்லை. நீர் போகுமிடத்தைச் சாந்து கொண்டமையால் வெப்பம் போக வழியின்றி எண்ணெயின்மேல் ஏறுகின்றது. மேற்பகுதியிலேயே வெப்பம் மிகுதியென்று முன்னர்க் கூறினேன். ஆகவே கீழ்ப்பாதியை மட்டும் நிரப்புதல் அறியாமையன்று. 402 மீட்டர் தூரத்தைச் சில நொடிகளில் ஓடி நின்றுவிடும் டிராக் பந்தயத்துக்கு அது தக்கது. நகரத்து நெரிசலில், சித்திரை வெயிலில், செங்கொடிவிளக்கின் முன் நிற்கவேண்டிய வண்டிக்கு அதனைச் செய்தல் பேதைமை. இவ் வழியின் முடிவிடத்தைக் காண விரும்புவார் அமெரிக்காவின் டாப் ஃபியூயல் வண்டிகளைக் காண்க. அவற்றின் பிளாக்கு திண்ணிய அலுமினியக் கட்டியினின்றும் குடைந்தெடுக்கப்பட்டது. நீர்வழி என்பதே அதற்கில்லை. ஏராளமாகப் பாயும் எரிபொருளே அதனைக் குளிர்விக்கின்றது. ஓட்டம் 305 மீட்டரோடு முடிகின்றது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பின்னும் என்ஜினைப் பிரித்துப் புதுக்குகின்றனர். அங்கே யாவும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கின்றன. பாதியை மட்டும் கடன்வாங்குவாரே இடருறுவார்.

இத்துணையும் கூறிய பின், எவரும் புகழாத ஒரு வேலையைப் புகழ விரும்புகின்றேன். ஹெட்டு போல்ட்டுகளை இறுக்கும்பொழுது அவை பிளாக்கை இழுத்துச் சிலிண்டரின் வட்டத்தை மில்லிமீட்டரின் நூற்றுக்கூறுகள் அளவில் பிசகச் செய்கின்றன. ஹெட்டு இல்லாமல் செப்பமாக ஹோனிங் செய்த வட்டம், ஹெட்டை இறுக்கியதும் வட்டமாயிராது. ஆதலின் திறமையுடையார் ஹெட்டுக்கு மாற்றாகத் தடித்த ஓர் இரும்புப் பலகையைப் பிளாக்கின்மேல் வைத்து, ஓடும்பொழுது எவ்வளவு இறுக்கம் இருக்குமோ அவ்வளவே இறுக்கி, அதன் நடுத்துளை வழியாகக் கருவியைச் செலுத்தி ஹோனிங் செய்வர். கழற்றிப் பார்த்தால் சிலிண்டர் கோணலாகத் தோன்றும், மாட்டினால் வட்டமாகும். மெயின் போல்ட்டுகளை நீக்கி ஸ்டட்டுகளை இடுவாரும் இதனை மறத்தலாகாது. ஸ்டட் முறுக்குப்படாமல் நேரே நீளுதலின் அதன் பிடி சீரானது. ஆனால் பிடி மாறியமையால் பேரிங் இருக்கையின் வட்டமும் மாறிவிடும். இருக்கைகளை ஒரே நேர்கோட்டில் மீண்டும் கடைந்து சரிசெய்யாமல் ஸ்டட் மட்டும் மாற்றுவார், தொழிற்சாலையில் இருந்த செம்மையையும் இழப்பர். இவ் வேலைகளுக்கெல்லாம் முன்னே, ஒலியலைக் கருவியால் சிலிண்டர்ச் சுவரின் கனத்தைச் சுற்றிலும் அளந்து கொள்ளுதல் வேண்டும். வார்க்கும்பொழுது மணற்கரு சிறிது நகர்ந்திருந்தால் ஒருபக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அத்தகைய பிளாக்குக்கு எந்த மேகலையும் உதவாது. அளந்து பார்த்து, இது தகாதென்று ஒதுக்கிவைக்கும் பட்டறைக்காரரே என் மதிப்பில் சிறந்தவர். அவர்க்கு அன்றைக்குக் கூலி கிடையாதாயினும்.

பிளாக்கைக் கொல்வது பெரும்பாலும் திறனன்று, எரிபொருள் முறை தவறி வெடித்தலே என்பதையும் நினைவூட்டுவேன். எரிதல் வேறு, வெடித்தல் வேறு. சீராக எரியும்பொழுது அழுத்தம் படிப்படியாக ஏறி இறங்குகின்றது. காற்று சூடேறியோ, பெட்ரோலின் ஆக்டேன் குறைந்தோ, தீப்பொறி முந்தியோ, எஞ்சிய கலவை ஒருங்கே வெடித்தால் சம்மட்டி அறைந்தாற்போன்ற அதிர்ச்சி எழும். அதனைக் காதால் கேட்டும் பொருட்படுத்தாமல் ஓட்டுவார்க்கு ஸ்லீவும் ஸ்டட்டும் அழிவை ஒத்திப்போடுமேயன்றி நீக்கா. வலிய பிளாக்கில் பிஸ்டன் உருகும்; மெலிந்ததில் சுவர் கீறும்; அவ்வளவே வேற்றுமை.

நம் நாட்டு வழக்கத்தையும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் (1988) 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்றும் மாறுபடுமாறு வண்டியைத் திருத்துதலைத் தடுக்கின்றது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் அதனை வற்புறுத்தியது. ஆகவே இக்கட்டுரையில் கண்ட வேலைகள் பந்தயத்தளத்துக்கு உரியன. அச்சட்டத்தைக் கடுமையென்று குறைகூறும் நண்பர் சிலர் உளர். யான் அவரோடு உடன்படேன். 200 குதிரைக்கு வகுத்த பிரேக்கோடு 500 குதிரையை இராஜபாட்டையில் ஓட்டுவான் தன் என்ஜினை மட்டும் பணயம் வைப்பதில்லை; பிளந்த பிளாக்கு சிந்தும் கொதிக்கும் எண்ணெய் தன் பின்சக்கரத்தின் கீழேயே பரவும்; பின்னால் வருவான் இருசக்கர வண்டியில் வருவான்.

பந்தயத்தளத்துக்கே செல்வேன், பி16ஏ பிளாக்கு ஒன்று என்னிடம் உளது, கையிற் பொருள் குறைவு, யாது செய்வேன் என்று ஒருவர் கேட்பாராயின் என் விடை இது: முதலில் சுவர்க்கனத்தை அளந்து வாங்குக. கனம் சீராயிருப்பின், இறுக்கும் பலகையோடு ஹோனிங் செய்வித்து, நல்ல கேஸ்கட்டும் ஹெட்டு ஸ்டட்டும் இட்டு, டர்போவின் அழுத்தத்தை அளவில் நிறுத்தி ஓட்டுக. எஞ்சிய பொருளை எரிபொருளையும் தீப்பொறியையும் சீர்செய்யும் வல்லுநர்க்குக் கொடுக்க. பிளாக்கு கார்டை வாங்கற்க. மேலும் திறன் வேண்டுமென்று தோன்றும் நாளில், ஸ்லீவுக்கு வேண்டிய முழுத்தொகையும் அதனை இறக்கத் தெரிந்த பட்டறையும் ஒருசேரக் கிடைக்கும்வரை, அப் பிளாக்கை எண்ணெய் பூசித் துணியாற் சுற்றி வைத்திருக்க.